டியூப் மைக்கில் முதலில் டியூபை மாற்றாதீர்கள்

சிக்னலைப் பெருக்க டியூப் (வெற்றிடக் குழாய்) வைத்த கண்டென்சர் மைக் செய்கிறவர்களும் பழசைப் பழுது பார்க்கிறவர்களும் முதலில் கை வைப்பது டியூபில்தான். ஒலி கூர்மையாக இருந்தாலும், இரைச்சல் கேட்டாலும் டியூபை மாற்றிப் பார்ப்பார்கள். டியூப் மைக்கின் இதமான ஒலி முழுக்க டியூபிலிருந்தே வருகிறது என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். ஆனால் சாதாரணமாகப் பாடும் அளவில், ஒழுங்காக அமைத்த டியூப் சிக்னலை மிகக் குறைவாகவே மாற்றுகிறது. ஒலியின் குணத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை ஒலியை மின் சிக்னலாக்கும் கேப்சூலும், அதோடு சேரும் சர்க்யூட்டும், கடைசியில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும்.

நல்ல உதாரணம் 1960இல் வந்த நாய்மன் யூ67 டியூப் மைக். அதன் கேப்சூல் இயல்பிலேயே மேல் அலைவரிசைகளைத் தூக்கிக் கொடுக்கும். அந்த ஏற்றத்தைப் பின்னூட்டம் (வெளியே வரும் சிக்னலில் ஒரு பங்கை உள்ளே திருப்பிவிடுவது) மூலம் சர்க்யூட்டே இறக்கிச் சமப்படுத்துகிறது. இதே வகைக் கேப்சூலை வாங்கி, சமப்படுத்தும் பகுதி இல்லாத சர்க்யூட்டில் மாட்டினால் 'ஸ' ஒலி காதைக் குத்தும். அதன்பின் எத்தனை டியூப் மாற்றினாலும் பயனில்லை.

அடுத்த தவறு, கெயின் (பெருக்கம்) அதிகமுள்ள டியூபே நல்லது என்று நினைப்பது. பெருக்கம் அதிகமுள்ள 12ஏஎக்ஸ்7 டியூபில் கிரிட்டுக்கும் (சிக்னல் நுழையும் முனை) பிளேட்டுக்கும் (பெருகிய சிக்னல் வெளிவரும் முனை) நடுவே சுமார் 1.6 பிகோஃபாரட் மின்தேக்கம் (கெபாசிட்டன்ஸ்) இருக்கிறது. சின்ன அளவுதான். ஆனால் டியூப் 60 மடங்கு பெருக்கினால், கிரிட் பக்கமிருந்து அது ஏறக்குறைய 100 பிகோஃபாரடாகத் தெரியும். கேப்சூலோ வெறும் 60 பிகோஃபாரட் அளவில் இருக்கும். ஆக, கேப்சூல் தரும் சிக்னலில் 8 டெசிபலுக்குச் சற்று மேல் கிரிட்டிலேயே தொலைந்துவிடும். டியூபின் சொந்த இரைச்சல் மட்டும் குறையாது. ஏகேஜி சி12 என்ற புகழ்பெற்ற மைக்கில் பெருக்கம் குறைந்த 6072 டியூப் இருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

கிரிட்டோடு சேரும் ரெசிஸ்டரின் அளவையும் இப்படிக் கணக்குப் பார்த்தே போட வேண்டும். 60 பிகோஃபாரட் கேப்சூலுக்கு 10 மெகா ஓம் போட்டால் 265 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கும். ஆண் குரலின் அடிப்பகுதியே போய்விடும். 200 மெகா ஓம் என்றால் அந்த எல்லை 13 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்.

இவ்வளவு உயர்ந்த மின்தடை உள்ள இடத்தில் விரல் ரேகையும் சால்டர் ஃபிளக்ஸும்கூட மின்கசிவுக்கு வழி. படபடவென்ற சத்தம் வந்தால் டியூபைக் குறை சொல்வதற்கு முன் அந்த இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பாதி நோய் அதிலேயே தீரும். ஆனால் கேப்சூலின் சவ்வை மட்டும் தொடவே வேண்டாம்.

ஹம் (தொடர்ந்த ரீங்காரம்) கேட்டால், டியூபைச் சூடாக்கும் ஹீட்டருக்குப் போகும் டிசி (நேர்மின்னோட்டம்) சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், மிக முக்கியமான ஒன்று. பவர் சப்ளை ஓடும்போது மைக் கேபிளைப் பிடுங்காதீர்கள். உள்ளே 100 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மூடியைத் திறந்ததும் முதலில் அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு, மீட்டரை வைத்து அளந்து பார்த்துவிட்டே உள்ளே கை வையுங்கள்.