பின்யாவில் நின்றால் மேலே பார்க்காதீர்கள்: கத்தலான் திருவிழாக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்சலோனாவில் கத்தலான் மொழி படிக்கச் சேர்ந்தால் முதல் சில பாடங்களிலேயே திருவிழாக்கள் வந்துவிடும். படத்தோடு ஒரு பக்கம், பெயரும் தேதியுமாக ஒரு பட்டியல், கீழே கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சி. அதை மனப்பாடம் செய்துவிட்டுத் தெருவில் இறங்குகிறவர்கள், பழைய ஆட்கள் எல்லோரும் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்துகளை ஒன்று விடாமல் அடிக்கிறார்கள். ஃபிளமெங்கோவும் காளைச் சண்டையும்தான் இந்த ஊர்ப் பாரம்பரியம் என்று நம்பி வருவதைப் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அது ஒரு வாரத்தில் தானாகத் தெளிந்துவிடும். தெளியாதவற்றைப் பார்ப்போம்.

நாட்காட்டித் தேதியை நம்பிப் போவது

சான் ஜுவான் விழா ஜூன் 24 என்று பாடத்தில் இருக்கும். 24ஆம் தேதி காலையில் கிளம்பிப் போனால் சாம்பலும் வெடித்த காகிதமும் சாத்திய கடைகளும்தான் மிஞ்சியிருக்கும். நெருப்பு மூட்டுவது, பட்டாசு, பழம் பதித்த கோகா என்ற இனிப்பு ரொட்டி, கடற்கரையில் விடிய விடிய உட்கார்ந்திருப்பது எல்லாமே 23ஆம் தேதி இரவோடு முடிந்திருக்கும். குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று அரசர்களின் ஊர்வலமும் அப்படித்தான். விழா ஜனவரி 6, ஊர்வலம் 5ஆம் தேதி மாலை. கஷ்கொட்டையைச் சுட்டுத் தின்னும் கஸ்தன்யாதாவுக்குப் பலர் வீட்டில் அக்டோபர் 31 இரவிலேயே அடுப்பு மூட்டிவிடுவார்கள். முந்தின நாள் இரவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சான் ஜோர்தி மட்டும் நேர்மாறு. ஏப்ரல் 23 அன்று பகலிலேயே எல்லாம் நடக்கும், ஆனால் விடுமுறை கிடையாது. அலுவலகத்துக்குப் போகிற வழியிலும் மதிய உணவு இடைவேளையிலும்தான் ரோஜாவும் புத்தகமும் வாங்குகிறார்கள். ரோஜா பழைய வழக்கம். புத்தகம் அதோடு சேர்ந்தது பிற்பாடு: 1926இல் அக்டோபர் 7 அன்று தொடங்கிய புத்தக தினத்தை 1930இல் ஏப்ரல் 23க்கு மாற்றினார்கள். ஆணுக்குப் புத்தகம், பெண்ணுக்கு ரோஜா என்று பாடங்களில் இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதை நம்பி ஒரு தோழியிடம் ரோஜாவை மட்டும் நீட்டினால், 'என் புத்தகம் எங்கே?' என்று கேட்பாள்.

பின்யாவில் நின்றுகொண்டு மேலே பார்ப்பது

இதைப் பற்றி எத்தனை முறை சொல்லியும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

கஸ்தெல் என்ற மனிதக் கோபுரம் தர்ரகோனா பக்கம் வால்ஸ் ஊரில் வேர்விட்ட கலை. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெரிய குழுக்கள் பத்து அடுக்கு வரை எழுப்புகின்றன. குழுவைக் கோல்யா என்பார்கள். மொழி படிக்கிறவர்களை ஏதாவது ஒரு கோல்யாவின் ஒத்திகைக்குப் போகச் சொல்லி ஆசிரியர்களே அனுப்புவார்கள். நல்ல யோசனைதான். கட்டணம் இல்லை, யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள், வாய் நிறையக் கத்தலான் பேசுவார்கள். புதிதாக வருகிறவரைக் கோபுரத்தில் ஏற்ற மாட்டார்கள், அடியில் நெருக்கியடித்து நிற்கும் பின்யாவில் நிறுத்துவார்கள். பெரிய கோபுரமென்றால் அங்கே நூற்றுக்கணக்கானவர்கள் நிற்பார்கள்.

'இத்தனை பேரில் நான் ஒருவன் என்ன செய்தால் என்ன?' என்ற நினைப்பு அங்கேதான் பிறக்கிறது. தேர் வடத்தில் ஒரு கை குறைந்தால் அடுத்த கை இழுத்துக்கொள்ளும். பின்யா அப்படியில்லை. முன்னால் நிற்பவரின் முதுகில் உங்கள் நெஞ்சு அழுந்தியிருக்கிறது, கைகள் அவர் தோளுக்கு மேலாக நீண்டிருக்கின்றன, உங்கள் முதுகை இன்னொருவர் தள்ளுகிறார். அந்த அழுத்தம்தான் அடித்தளம் விரியாமல் பிடித்திருக்கிறது. கோபுரம் சரிந்தால் விழுகிறவர்கள் வந்து சேரும் இடமும் அதுவே. அதனால்தான் முகவாய் நெஞ்சில் பட வேண்டும், மேலே பார்க்கக் கூடாது என்கிறார்கள். குனிந்த தலைமேல் ஒருவர் விழுந்தால் தோளும் முதுகும் தாங்கும். நிமிர்ந்த முகத்தில் விழுந்தால் மூக்கோ கழுத்தோ போகும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், கணினி வேலைக்கு வந்தவர், ஒரு பேட்டைத் திருவிழாவில் முதல்முறையாகப் பின்யாவில் நின்றார். தலையைத் தாழ்த்தச் சொல்லி அவரிடம் மூன்று தடவை சொன்னார்கள். மூன்று தடவையும் 'சி, சி' என்று சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஒரு சொல்லும் புரியவில்லை, புரியவில்லை என்று காட்டிக்கொள்ள வெட்கம். உச்சியில் சிறுமி ஏறுவதைப் பார்க்கும் ஆசையில் நிமிர்ந்தார், ஒரு கை செல்போனுக்குப் போனது. கோபுரம் அந்த நேரம் பார்த்துச் சரிந்தது. யாரோ ஒருவரின் குதிகால் முகத்தில் இறங்கி, மூக்கெலும்பு முறிந்து, கண்ணாடி நொறுங்கியது. அடுத்த வாரம் வகுப்பில் கேட்கிறார்: 'இவ்வளவு ஆபத்து என்று யாருமே சொல்லவில்லையே?' விழாப் பெயர் இருபதை உருப்போட்டு வைத்திருந்த மனிதருக்கு 'காப் அவால்', தலை கீழே, என்ற இரண்டு சொல் தெரியாமல் போய்விட்டது. புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லுங்கள். கையால் காட்டிக் கொடுப்பார்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 'அமுன்' என்றால் மேலே, 'அவால்' என்றால் கீழே, 'சிலென்சி' என்றால் வாயை மூடு. பின்யாவுக்குப் போகும் முன் இவை போதும்.

மேலே நடப்பதைத் தெரிந்துகொள்ள நிமிர வேண்டிய தேவையும் இல்லை. க்ரால்யா என்ற குழலையும் மேளத்தையும் கேளுங்கள். கோபுரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று, உள்ளே முகம் புதைத்து நிற்பவர்களுக்கு அந்த மெட்டுதான் சொல்கிறது. உச்சிக் குழந்தையான என்ஷனேதா கையை உயர்த்தியதும் மெட்டிலேயே தெரியும்.

அந்தக் கையோடு இன்னொரு தவறும் வரும். தெருவே கை தட்டுகிறது, சரி, முடிந்தது என்று புதியவர் மூச்சை விட்டுத் தளர்கிறார். முடியவில்லை. அதுவரை கோபுரம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். எல்லோரும் பத்திரமாக இறங்கினால்தான் முழுக்கணக்கு. ஏறிய பிறகு சரிந்தால் அதற்கு மதிப்பு குறைவு. கால் நடுங்கிக் களைத்திருக்கும் அந்த நேரத்தில்தான் நிறைய கோபுரங்கள் சரிகின்றன. 2006இல் ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு உச்சியில் ஏறும் குழந்தைகள் தலைக்கவசம் போடுகிறார்கள். கீழே நிற்கும் உங்களுக்குக் கவசம் கிடையாது. சரிந்துவிட்டாலும் கலைந்து ஓடாதீர்கள். நீங்கள் விலகிய இடத்தில்தான் ஒருவர் தரையில் மோதுவார்.

மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், மோதிரம், தோடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிடுங்கள். ஏறுகிறவர்கள் வெறுங்காலோடு உங்கள் தோளை மிதித்துத்தான் போவார்கள்.

சர்தானா வட்டத்தில் கண்ட இடத்தில் நுழைவது

பார்சலோனா கதீட்ரல் முன்னால் பல ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு பேர் கொண்ட கோப்லா இசைக்குழு வாசிக்க, மக்கள் கைகோத்து வட்டமாக ஆடுவார்கள். யாரும் சேரலாம். ஆனால் ஓர் ஆணுக்கும் அவர் வலப்பக்கம் நிற்கும் ஜோடிக்கும் நடுவே கையை நுழைக்காதீர்கள். வேறு இடைவெளி பாருங்கள், பையை வட்டத்தின் நடுவில் வைத்துவிட்டுச் சேருங்கள். மெதுவாகத் தெரியும், அடிக்கணக்கு கறார். ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார், அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். கச்சிதமாக ஆடும் வட்டத்தை விட்டுவிட்டு, வயதானவர்கள் சிரித்துப் பேசி ஆடும் வட்டமாகப் பார்த்துப் போவது நல்லது.

கோரெஃபோக்குக்கு நைலான் சட்டை

பேய் வேடக்காரர்கள் தீப்பொறி சிதறத் தெருவில் ஓடும் நெருப்பு ஊர்வலம் இது. பருத்தி. முழுக்கை. தொப்பி. வெடிமருந்து நனைந்தால் ஆபத்து, ஆகவே பால்கனிக்காரர்களிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கத்தாதீர்கள்.

செப்டம்பர் 11ஐ வெற்றி விழா என்று நினைப்பது

கத்தலோனியாவின் தேசிய நாள்தான், ஆனால் 1714இல் பார்சலோனா வீழ்ந்த நாள் அது.

கல்சோட்டுக்கு முள்கரண்டி கேட்பது

வேண்டாம். நெருப்பில் சுட்ட வெங்காயத்தாள் வகை அது, கையால் உரித்துத் தின்பது.

தியோவின் ரகசியத்தைப் போட்டு உடைப்பது

முகம் வரைந்த ஒரு மரக்கட்டை. டிசம்பர் 8 வாக்கில் வீட்டுக்கு வரும், குழந்தைகள் தினமும் அதற்குச் சாப்பாடு வைத்துப் போர்வை போர்த்துவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பாட்டுப் பாடிக் குச்சியால் அடித்தால் அது மிட்டாயும் சின்னச் சாமான்களும் மலமாகக் கழிக்கும். பெரிய பரிசெல்லாம் ஜனவரியில் அரசர்கள் கொண்டுவருவார்கள். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு, கிறிஸ்துமஸ் குடிலின் மூலையில் மலம் கழிக்கக் குந்தியிருக்கும் ககனே பொம்மையைப் பார்த்தால் பழகிவிடும்.

நடுவில் குழந்தைகளைப் பக்கத்து அறைக்கு அனுப்புவார்கள், அப்போதுதான் பெரியவர்கள் போர்வைக்கடியில் பரிசுகளை வைப்பது. விருந்துக்குப் போன ஒரு மாணவர், திரும்பி வந்த பிள்ளைகள் எதிரிலேயே, அப்போது பாடத்தில் படித்திருந்த இறந்தகாலத்தை ஒரு பிழையும் இல்லாமல் போட்டு, 'இதையெல்லாம் நீங்கள் எப்போது உள்ளே வைத்தீர்கள்?' என்று வீட்டுக்கார அம்மாவைக் கேட்டார். மறுவருடம் அந்த வீட்டிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது 26ஆம் தேதிக்கு, மிச்ச இறைச்சியில் செய்யும் கனலோன் சாப்பிட.