முதன்முதலாக மரச்சீனி நடப்போகிறவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் புதிதாக மம்பட்டி பிடிப்பவர்களுக்கு நான் சொல்வது நெல்லோ வாழையோ அல்ல, மரச்சீனிதான், அதாவது மரவள்ளிக்கிழங்கு. 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிவிட்ட பயிர். வீட்டை ஒட்டி ஒரு சென்ட் விளை (மேட்டு நிலம்) கிடந்தால் போதும். 50 மூடு (செடி) வரை நடலாம். தண்ணீர் கட்டி நிற்கும் இடம் மட்டும் வேண்டாம், கிழங்கு அழுகிவிடும்.

முதல் வேலை நடுவதற்கான கம்பு, அதாவது மரச்சீனித் தண்டு, தேடுவது. இதில் அவசரப்படாதீர்கள். பத்து மாதம் முற்றிய செடியாக இருக்கவேண்டும். இளசான நுனியையும் கட்டையான அடியையும் தள்ளிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுத்து, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்குங்கள். நகத்தால் தோலைக் கீறிப் பாருங்கள். பால் கசிந்தால் உயிர் இருக்கிறது. வறண்டு கிடந்தால் அடுப்புக்குத்தான் ஆகும்.

என் முதல் வருஷக் கதை: சும்மா கிடைக்கிறதே என்று ஒரு கட்டுக் கம்பு வாங்கி வந்து நட்டேன். துளிர்த்த இலையெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகச் சுருண்டது. தேமல் நோய். வெள்ளை ஈயும் பரப்பும். ஆனால் எனக்கு அது கம்போடு கூடவே வந்தது. அதனால் இலை உதிர்வதற்கு முன்பே போய்ச் செடியைப் பார்த்து வையுங்கள்.

அடுத்து நடவு. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும்போது மண்ணைக் கொத்தி, மூன்றடிக்கு ஒன்றாக மேடு கூட்டுங்கள். மேட்டில் இரண்டு கை மக்கிய சாணமும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் கலந்தால் நல்லது. கம்பை இரண்டு அங்குல ஆழத்தில் செங்குத்தாக ஊன்றுங்கள். தலை எது, கால் எது என்று குழம்பவேண்டாம். இலை உதிர்ந்த தழும்புக்கு மேலேதான் கண் இருக்கும். அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்கட்டும்.

இரண்டு வாரத்தில் துளிர்க்கும். ஒரு மாதம் ஆனதும் எதிரெதிராக இரண்டு தண்டை விட்டுவிட்டு மிச்சத்தை ஒடித்துவிடுங்கள். பாவம் பார்த்தால் கிழங்கு விரல் தடிமன்தான் வரும். முதல் மூன்று மாதம் களை எடுத்து, மூட்டுக்கு மண் அணையுங்கள். பச்சை இலையை ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் நஞ்சு உண்டு. எலிக்கும் காட்டுப்பன்றிக்கும் வழி கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள்.

எட்டாம் மாதத்திலிருந்து ஒரு மூட்டைப் பிடுங்கிப் பார்க்கலாம். மொத்தமாகப் பிடுங்காதீர்கள், இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் ஓடிவிடும். அன்றைய சாளை மீன் குழம்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போதும். திறந்த பானையில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிடுங்கள். பிடுங்கிய செடியின் கம்பைப் பலாமர நிழலில் நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள், அடுத்த நடவுக்கு.