கலரிங் ஷீட்டைப் போனுக்கு டிக்கெட் ஆக்காதீர்கள்

மே மாத லீவு வந்துவிட்டால் எங்கள் வீட்டு மாடியில் நடக்கிற டிராயிங் கிளாஸில் கூட்டம் அள்ளும். உதவிக்கு என்று காலேஜ் பெண்கள் இரண்டு மூன்று பேர் வருவார்கள், பிள்ளையை விட்டுவிட்டுக் கிளம்ப மனசு வராத அம்மாக்கள் பின்னால் பாய் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். எல்லார் கையிலும் இப்போது மரியோ, பிகாச்சு, மைன்கிராஃப்ட் என்று வீடியோ கேம் கலரிங் ஷீட்டுகள்தான். மயிலையும் தாமரையையும் கேட்க ஆளில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது, பிள்ளைக்குப் பிடித்த படம் என்றால் அவனாகவே உட்காருவான், எனக்கு வேலை மிச்சம். எரிச்சல் எங்கே வருகிறது என்றால், ஆரம்பத்தில் நான் சொதப்பிய அதே இடங்களில் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் வரிசையாகச் சொதப்புவதைப் பார்க்கும்போதுதான். கிரேயானை வாயில் வைக்க விடாதீர்கள், தரையில் பழைய பேப்பர் விரியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

போனில் தெரிந்த படத்தை அப்படியே பிரிண்ட் போடுவது

கூகுளில் தேடுகிறோம், வரிசையாக வருகிற குட்டிப் படங்களில் ஒன்றை அழுத்திப் பிடித்து சேவ் செய்கிறோம், ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறோம். இந்த ஒரு நிமிஷத்துக்குள் படம் இரண்டு முறை கெட்டுப்போகிறது. தேடும்போது தெரிவது சுருக்கி வைத்த நகல். அதை வாட்ஸ்அப் தன் பங்குக்கு இன்னும் அமுக்கும். ஏ4 தாள் முழுக்கக் கோடு கூர்மையாக விழ, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) என்ற கணக்கில், சுமார் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். முந்நூறு பிக்சல் படத்தைக் கொடுத்துவிட்டுக் கடைக்காரரோடு சண்டை போட்டால் அவர் என்ன செய்வார்? கட்டம் கட்டமாகத் தெரிவது, எல்லாமே கட்டங்களால் ஆன மைன்கிராஃப்டுக்கு வேண்டுமானால் அழகு, பிகாச்சுவுக்கு இல்லை.

படம் இருக்கிற பக்கத்துக்குள்ளேயே போய் பிடிஎஃப் இருந்தால் அதை எடுங்கள், வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். இன்னொன்று, அமெரிக்காக்காரர்கள் போடுகிற ஷீட்டெல்லாம் லெட்டர் சைஸ், 216க்கு 279 மில்லிமீட்டர். நம்முடைய ஏ4 210க்கு 297. அகலத்தில் ஆறு மில்லிமீட்டர் இடிக்கும், சோனிக்கின் முள்ளோ லூயிஜியின் கையோ ஓரத்தில் வெட்டுப்படும். பிரிண்ட் கொடுக்கும்போது தாளுக்குள் ‘ஃபிட்’ ஆகும்படி போடச் சொன்னால் தீர்ந்தது.

கேம் ஸ்கிரீன்ஷாட்டைக் கறுப்பு வெள்ளையாக்கி “இதுவும் கலரிங் ஷீட்தானே” என்று கொண்டுவருகிறவர்களும் உண்டு. அது ஆகாது. படம் முழுக்கச் சாம்பல் நிறம் அப்பியிருக்கும், மேலே எந்த மஞ்சளைப் பூசினாலும் அழுக்காகத்தான் தெரியும். போதாததற்கு இங்க்கும் காலி.

பெரிய பச்சை ‘டவுன்லோடு’ பட்டன்

கலரிங் ஷீட் தளங்களில் தெரிகிற அது பெரும்பாலும் விளம்பரம். பிடிஎஃப், ஜேபெக், பிஎன்ஜி தவிர வேறு எது இறங்கினாலும் திறக்காமலே அழித்துவிடுங்கள்.

“மூணு ஷீட் முடிச்சா அரை மணி நேரம் போன்”

மேலே சொன்னவற்றில் போவது காசு மட்டும். இதில் பிள்ளையே கையைவிட்டுப் போகிறான். எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

யூகேஜி முடித்த ஒரு பையன், மைன்கிராஃப்ட் பைத்தியம். முதல் நாள் அவனுக்கு ஒரு கிரீப்பர் (அந்த கேமில் வருகிற பச்சை அரக்கன்) முகம் கொடுத்தேன். கிளாஸ் நேரம் முழுக்க அந்த ஒரே தாளோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருப்பவர்களின் டப்பாவிலிருந்தெல்லாம் பச்சை கேட்டு வாங்கி, இளம்பச்சை, கிளிப்பச்சை, பாசிப்பச்சை என்று கட்டத்துக்குக் கட்டம் மாற்றி அடித்தான். கூப்பிட்டால் திரும்பவில்லை. அவன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு நடந்தது. அடுத்த வாரம் வந்து பெருமையாகச் சொன்னார்: “மிஸ், வீட்ல ஒரு டீல் போட்டிருக்கேன். மூணு ஷீட் முடிச்சாதான் போன். சூப்பரா ஒர்க் ஆகுது.”

சூப்பராகத்தான் ஒர்க் ஆனது. அன்றைக்கு அவன் உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்குள் மூன்று ஷீட்டையும் நீட்டினான். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாக ஒரே ஒரு பச்சைக் கிறுக்கல். அம்மா “ஒழுங்கா பண்ணு, இல்லேன்னா போன் கட்” என்றார். அதற்கப்புறம் பேரம் ஆரம்பமானது. பேக்கிரவுண்டுக்கும் அடிக்க வேண்டுமா, காலுக்கு அடிக்காவிட்டால் கணக்கில் வருமா, பாதி ஷீட்டுக்குப் பதினைந்து நிமிஷம் கிடைக்குமா? சந்தையில் கத்தரிக்காய்க்குக்கூட அப்படிப் பேரம் பேசி நான் பார்த்ததில்லை. கடைசியில் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான், “மிஸ், இருக்கறதுலயே சின்னப் படம் எது?” ஒரு மணி நேரம் பச்சை தேடிய அதே பையன்.

இது அவனுடைய குணக்கோளாறு என்று நினைக்காதீர்கள். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்று மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நர்சரிப் பள்ளியில் செய்த ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஸ்கெட்ச் பென்னால் வரைவதில் ஏற்கெனவே ஆசை இருந்த சின்னப் பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்திடம் “வரைந்தால் சர்டிஃபிகேட் தருவோம்” என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இன்னொரு கூட்டத்துக்கு எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்தபிறகு அதே சர்டிஃபிகேட்டைக் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றும் கிடையாது. ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் எதுவும் சொல்லாமல் பேனாக்களை மேஜைமேல் வைத்துவிட்டுப் பார்த்தார்கள். முன்கூட்டியே பரிசு பேசிய பிள்ளைகள் மற்ற இரண்டு கூட்டமும் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆக, பாராட்டுவதாலோ பரிசு கொடுப்பதாலோ கெடுதல் இல்லை. “இதைச் செய், அதைத் தருகிறேன்” என்று முதலிலேயே விலை பேசுவதில்தான் கோளாறு.

நம் கதையில் இன்னும் ஒரு படி மோசம். அங்கே பரிசு வெறும் சர்டிஃபிகேட். இங்கே பரிசே போன். நீங்கள் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்வது வேறு, அவன் காதில் விழுவது வேறு: கலர் அடிப்பது வேலை, போன் சம்பளம். எதன் மவுசைக் குறைக்க நினைத்தீர்களோ அதன் மவுசை நீங்களே ஏற்றிவிட்டீர்கள். கேம் ஆடவிடாமல் பிடுங்கிவிட்டு, “இந்தா, அதே மரியோவுக்குக் கலர் அடி” என்று தாளை நீட்டுவதும் இதே ரகம்தான். பசிக்கிறவனிடம் மெனு கார்டைக் கொடுக்கிற வேலை அது.

அப்போது என்னதான் செய்வது? போனுக்கு நேரம் வைக்க வேண்டுமானால் கடிகாரத்தைப் பார்த்து வையுங்கள். ஆறு மணி முதல் ஆறரை என்றால் ஆறு முதல் ஆறரை, ஷீட் முடித்தாலும் முடிக்காவிட்டாலும். ஷீட்டுகளை மேஜையில் ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள், எடுத்தால் எடுக்கட்டும். எண்ணாதீர்கள். முடிந்தால் நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கு அந்த கேமைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதுதான் இங்கே உங்களுக்குப் பெரிய வசதி. “இவன் யாருடா, ஏன் முறைக்கிறான்?” என்று கேட்டுப் பாருங்கள். கிரீப்பர் சத்தமே இல்லாமல் பின்னால் வரும், உஸ்ஸென்று கேட்டால் ஓடிவிட வேண்டும், இல்லையென்றால் வெடிக்கும், பூனையைக் கண்டால் மட்டும் பயந்து ஓடும் என்று அவன் அடுக்க ஆரம்பிப்பான். கை தன்பாட்டுக்குக் கலர் அடித்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பையன் தேறினானா என்று கேட்பீர்கள். டீலைக் கைவிட அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்கே லீவு பாதி போய்விட்டது. அதற்கப்புறமும் ரொம்ப நாளைக்குத் தாளைக் கையில் கொடுத்தால் “இது எத்தனை நிமிஷம்?” என்றுதான் முதலில் கேட்டான்.

கலரைத் திருத்துவது

“மரியோ தொப்பி சிவப்புடா, ஏன் ஊதா அடிக்கிறே?” என்று பின்னால் இருந்து ஒரு குரல் வரும். அவர் மரியோ கேம் ஆடியே இருக்க மாட்டார். 1981இல் டாங்கி காங் கேமில் முதன்முதலாக வந்த மரியோவுக்குச் சிவப்பு ஓவரால், நீலச் சட்டை. இப்போது நாம் பார்ப்பது நேர்மாறு. கிர்பி என்கிற உருண்டையான கேம் பாத்திரத்தின் கதை இன்னும் வேடிக்கை. உருவாக்கிய மசாஹிரோ சகுராய் மனதில் அது பிங்க்தான், ஆனால் 1992இல் முதல் கேம் வந்த கேம்பாய் கருவியில் கலரே கிடையாது, அமெரிக்காவில் விற்ற பெட்டியின்மேல் வெள்ளைக் கிர்பியை அச்சடித்துவிட்டார்கள். கம்பெனிக்கே குழப்பம் என்கிறபோது ஐந்து வயதுப் பிள்ளையை மிரட்டுவானேன். பிகாச்சு வருகிற போக்கிமானில் 1999இல் வந்த கோல்ட், சில்வர் கேம்களிலிருந்து ‘ஷைனி’ என்று ஒரு வகையே இருக்கிறது, அதே உருவம், வேறு நிறம். ஜியராடோஸ் என்கிற நீலப் போக்கிமான் அதில் சிவப்பாக வரும். யாராவது திருத்த வந்தால் “இது ஷைனி” என்று சொல்லப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.

அமாங் அஸ் என்கிற கேம் மட்டும் விதிவிலக்கு. அங்கே எல்லாருக்கும் ஒரே உருவம், கலரை வைத்துத்தான் ஆள் அடையாளம். யார் சிவப்பு என்று முதலிலேயே பிரித்துக் கொடுக்காவிட்டால் கிளாஸில் அடிதடி நடக்கும்.

கேம் என்னவென்று பார்க்காமல் கொடுப்பது

கலரிங் ஷீட் என்று போட்டிருந்தாலே குழந்தைகளுக்கானது என்று நம்பிவிடுகிறோம். ஹக்கி வக்கி என்று நீளக் கையோடு ஒரு நீல பொம்மை, பார்க்கக் கட்டிப்பிடிக்கத் தோன்றும். அது பாப்பி பிளேடைம் என்கிற 2021 திகில் கேமில் துரத்தி வருகிற பேய். ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடீஸ் கரடியும் அதே கூட்டம்தான். நாலு வயதுப் பிள்ளைக்குப் பல்லில்லாத ஹக்கி வக்கி ஷீட்டை ஒரு உதவியாளர் கொடுத்தார், பக்கத்திலிருந்த ஒன்பது வயது அண்ணன் கதை முழுவதையும் குரல் மாற்றிச் சொல்லி முடித்தான். அன்று இரவு அந்தக் குழந்தையின் வீட்டில் யாரும் தூங்கவில்லை, மறுநாள் காலை போன் எனக்கு வந்தது. பெயரைத் தேடி, எந்த வயதுக்கான கேம் என்று ஒரு நிமிஷம் பாருங்கள், போதும்.

பெரிய பையன்கள் ஃப்ரீ ஃபயர் என்கிற துப்பாக்கிச் சண்டை கேமின் ஷீட்டைக் கேட்பார்கள். 2022 பிப்ரவரியில் இந்தியாவில் அதைத் தடை செய்தார்கள், ஆனாலும் பெயர் பையன்கள் வாயிலிருந்து போகவில்லை. முகத்தில் அடித்தாற்போல் மறுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். துப்பாக்கிப் படத்தை ஒதுக்கிவிட்டு பாராசூட்டில் குதிக்கிற படத்தைக் கொடுக்கிறேன். கலர் அடிக்கவும் அதில்தான் இடம் நிறைய.

எல்லா வயசுக்கும் ஒரே ஷீட்

ஐம்பது போக்கிமான் நெருக்கியடிக்கிற தாளை நாலு வயசுக்குக் கொடுத்தால் அழுகைதான். அந்த வயசுக்குப் பாக்மேன் பேய், கிர்பி மாதிரி பெரிய உருவம் ஒன்று போதும். கிரீப்பர் முகத்துக்கு பிரிண்ட்கூட வேண்டாம், அது எட்டுக்கு எட்டுக் கட்டம், கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுங்கள்.

வாட்டர் கலர்

இங்க்ஜெட் பிரிண்டில் தண்ணீர் பட்டால் கோடு கரையலாம். லேசர் பிரிண்ட் அல்லது ஜெராக்ஸ் எடுங்கள். ஸ்கெட்ச் பென் என்றால் 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் காட்டும் எண்) தாளில் பின்பக்கம் ஊறும், 100க்கு மேல் வாங்குங்கள்.

ஏஐ வரைந்த ஷீட்

மூன்று காது பிகாச்சு. பிள்ளை கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் கண்டுபிடியுங்கள்.

புத்தகமாக்கி விற்பது

பிறந்தநாளுக்கு வருகிற நாலு பிள்ளைகளுக்கு வீட்டில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதை யாரும் வந்து கேட்கப்போவதில்லை. நம் 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கும் பாடம் நடத்துவதற்கும் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. ஸ்பைரல் போட்டு, அட்டையில் மரியோவை ஒட்டி, ஸ்கூல் கண்காட்சியில் விலைக்கு வைப்பது அதில் வராது. நிண்டெண்டோவே ‘ப்ளே நிண்டெண்டோ’ தளத்தில் கலரிங் ஷீட்டுகளை இலவசமாகக் கொடுக்கிறது, வீட்டு உபயோகத்துக்கு அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டால் போட்டே ஆக வேண்டுமென்றால் பிள்ளைகளையே கேரக்டர் உருவாக்கச் சொல்லி, அதைக் கறுப்புப் பேனாவால் கோடு எடுத்து ஜெராக்ஸ் போடுங்கள். எங்கள் கிளாஸில் ஒருத்தி கொசு பேட்டை ஹீரோவாக வைத்து ஒரு கேம் வரைந்தாள். சார்ஜ் தீர்ந்தால் அவுட், கடைசி லெவலில் சாக்கடையிலிருந்து ராட்சசக் கொசு வரும். ஸ்டாலில் முதலில் தீர்ந்தது அந்த ஷீட்தான், நடுவில் ஓடிப்போய் இன்னொரு முறை ஜெராக்ஸ் எடுத்து வர வேண்டியதாகிவிட்டது.