ஃபேன் மெல்லச் சுற்றுகிறதா? காயிலுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால்

போன வருஷம் சித்திரைக் கடைசியில், எங்கள் ஹால் ஃபேனின் றெக்கைகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ண முடிந்தது. ரெகுலேட்டர் 5-ல் இருக்கிறது, ஆனாலும் மூன்று றெக்கையும் தனித்தனியாகத் தெரிகிறது. சத்துவாச்சாரியில், அதுவும் மொட்டைமாடிக்கு நேர்க் கீழே இருக்கும் வீட்டில், கத்திரி தொடங்கும் வாரத்தில் இப்படி ஆனால் என்ன பாடு என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் வாங்கிய வெயிலைத் தளம் ராத்திரி பத்து மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும்.

பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் கீழே நின்றபடியே, “காயில் போச்சும்மா. கழட்டிக் குடுங்க, ரீவைண்டிங் பண்ணிடலாம். அறுநூறு ரூபா ஆகும்” என்றார். நான் குடியாத்தத்தில் வைண்டிங் கடை வைத்திருந்தவரின் மகள். ஏணியில் ஏறாமலேயே காயில் போச்சு என்று சொல்கிறவர்களை எங்கள் நைனா கடைக்குள் சேர்த்ததில்லை. “சாயந்தரம் சொல்றேன்” என்று அவரை அனுப்பிவிட்டு நானே ஏறினேன். மொத்தச் செலவு 60 ரூபாய்.

போனது கண்டென்சர். கடையில் கபாசிட்டர் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். ஃபேனின் உள்ளே ரன்னிங், ஸ்டார்ட்டிங் என்று இரண்டு கம்பிச் சுற்று உண்டு, காயில் என்பது இதைத்தான். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி கரண்ட் ஏறி இறங்கினால் மோட்டார் உறுமுமே தவிர சுற்றாது. ஸ்டார்ட்டிங் சுற்றில் ஓடும் கரண்டை ரன்னிங்கோடு சேராமல் முன்னே தள்ளி வைப்பதுதான் கண்டென்சரின் வேலை. அது பலம் குறைந்தால் சுழற்சியின் பலமும் குறையும். அதன் உள்ளே இருப்பது மெல்லிய உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக் படலம். ஏதாவது ஒரு புள்ளியில் ஓட்டை விழுந்தால் அங்கே சுற்றியிருக்கும் பூச்சு ஆவியாகிப்போய், அந்த இடம் மட்டும் தானாகவே ஒதுங்கிவிடும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொள்ளளவு போய்விடும். சூடு கூடினால் இது வேகமாக நடக்கும். நம் ஊரில் தளத்தை ஒட்டி இருக்கும் காற்று எப்படி இருக்கும் என்று ஏணியில் ஏறினால் தெரிந்துவிடும். ஒரேயடியாகச் சாகாமல் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்வதால், ஃபேன் வேகம் குறைந்ததே நமக்கு உறைப்பதில்லை. விருந்தாளி யாராவது வந்து “என்ன, காத்தே வரல” என்று கேட்டால்தான் உண்டு. எங்கள் வீட்டில் கேட்டது, கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்குக் குடியாத்தம் போகிற வழியில் இறங்கிய என் நாத்தனார்.

ஏணி எடுப்பதற்கு முன் தரையில் நின்றே சிலவற்றைத் தள்ளிவிடலாம். பக்கத்து அறை ஃபேனும் மெல்லச் சுற்றினால் உங்கள் ஃபேன் மேல் குற்றமில்லை, லோ வோல்டேஜ். 5-ல் வைத்தால் முழு வேகம், 2, 3-ல் மட்டும் சுற்றவில்லை என்றால் ரெகுலேட்டர். சுவிட்சை அணைத்துவிட்டு, ஃபேன் நின்றதும் ஒட்டடைக் கம்பால் றெக்கையை லேசாகத் தள்ளிப் பாருங்கள். சத்தமில்லாமல் நாலைந்து சுற்று போய் நிற்க வேண்டும். கரகரவென்று உடனே நின்றால் பேரிங். அதை வீட்டில் மாற்ற வேண்டாம், தட்டி இறக்கக் கருவி வேண்டும். கடைசியாக ஒன்று: சுவிட்ச் போட்டால் ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டு நிற்கிறது, கம்பால் தள்ளினால் தள்ளிய பக்கமே சுற்றுகிறது. அப்படியானால் கண்டென்சர் அடியோடு போயிருக்கிறது, அல்லது ஸ்டார்ட்டிங் சுற்று அறுந்திருக்கிறது.

சரி, ஏறலாம். சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். சில பழைய வீடுகளில் சுவிட்சை, கரண்ட் வரும் லைனில் கொடுக்காமல் நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள். சுவிட்ச் அணைந்திருக்கும், ஃபேன் வயரில் கரண்ட் நிற்கும். மெயின் போர்டில் இருக்கும் எம்.சி.பி. என்ற டிரிப் சுவிட்சை இறக்குங்கள், பியூஸ் கட்டை என்றால் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற பிளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ஃபேன் வயரில் வையுங்கள். டெஸ்டரே செத்துப் போயிருந்தால் வயர் செத்த மாதிரிதான் தெரியும். மர ஏணி, காலில் ரப்பர் செருப்பு, கீழே பிடிக்க ஓர் ஆள். எனக்குக் கீழ் வீட்டு அக்கா பிடித்தார். பிடித்த நேரமெல்லாம் தன் மருமகளைப் பற்றிச் சொன்னார், அது தனிக் கதை.

பெரும்பாலான ஃபேன்களில் மோட்டாருக்கு மேலே, ஃபேன் தொங்கும் ராடின் அடியில் இருக்கும் கீழ்க் கப்புக்குள் கண்டென்சர் இருக்கும். கப்பின் ஸ்க்ரூவைத் தளர்த்தி ராடு மேல் தூக்கி, பழைய துணி நாடாவால் கட்டி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அது சரிந்து விரல் மேல் விழும். முதலில் போனில் ஒரு படம் எடுங்கள். வயர் கலர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கண்டென்சரிலிருந்து வரும் இரண்டு வயரையும் கழட்டுமுன், பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு முனையையும் சேர்த்துத் தொடுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். இதைச் செய்யாமல் மல்டிமீட்டரை வைத்தால் மீட்டர் போகும், கையை வைத்தால் நீங்கள் ஏணியிலிருந்து போவீர்கள்.

மேலே இருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். ராடையும் மோட்டாரையும் சேர்க்கும் போல்ட்டின் முனையில், கொண்டை ஊசி மாதிரி ஒரு காட்டர் பின் இருக்க வேண்டும். எங்கள் ஃபேனில் அது இல்லை. எந்த வருஷம் யார் கழட்டி மாட்டாமல் விட்டார்களோ, அதன் நேர்க் கீழேதான் நாங்கள் பாய் போட்டுத் தூங்கியிருக்கிறோம்.

கழட்டிய கண்டென்சரின் மேல் 2.5 எம்.எஃப்.டி., 440 வோல்ட், கூட்டல் கழித்தல் 5 சதவீதம் என்று எழுதியிருந்தது. எம்.எஃப்.டி. என்பது மைக்ரோஃபாரட், கொள்ளளவின் அளவு. 48 அங்குல ஃபேனில் 2.25, 2.5, 3.15 என்று ஏதாவது ஒன்று இருக்கும். கண்டென்சர் அளக்கும் வசதியுள்ள மீட்டர் வேண்டும். மிகச் சின்ன மஞ்சள் மீட்டர்களில் பலவற்றில் அது இருக்காது, வாங்கும்போதே பாருங்கள். 5 சதவீதக் கணக்குப்படி 2.5 என்பது 2.37-க்கும் 2.63-க்கும் நடுவில் காட்ட வேண்டும். என்னுடையது 1.58 காட்டியது. வெளியே பார்த்தால் உப்பல் இல்லை, வெடிப்பு இல்லை, புத்தம் புதிது மாதிரி இருந்தது. பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று திருப்பி மாட்டிவிடாதீர்கள்.

புதிதை வாங்கும்போது எண் அப்படியே இருக்கட்டும். “பெருசா போட்டா காத்து நல்லா வரும்” என்று 4 கொடுக்கிற கடைக்காரர்கள் உண்டு. வேகம் கொஞ்சம் கூடின மாதிரி தெரியும், ஸ்டார்ட்டிங் சுற்றில் அளவுக்கு மேல் கரண்ட் ஓடிக் காயில் காய்ந்துகொண்டே இருக்கும். அப்புறம் உண்மையாகவே ரீவைண்டிங்தான். வோல்டேஜிலும் ஏமாற வேண்டாம். வீட்டுக்கு வருவது 230 வோல்ட்தானே, 250 போதாதா என்று தோன்றும். ஓடும்போது கண்டென்சரின் இரு முனைக்கும் நடுவில் லைன் வோல்டேஜைவிடக் கூடுதலாக நிற்கும், அதனால்தான் 440. மீட்டரைக் கடைக்கே கொண்டுபோனேன். ஒரு கடையில் எடுத்துக் கொடுத்த புதுச் சரக்கு 2.1 காட்டியது. அளந்ததற்காக அவர் முகம் சுளித்தார். நான் அடுத்த கடைக்குப் போனேன், அங்கே 2.48.

மாட்டுவது சின்ன வேலை. கண்டென்சருக்கு பிளஸ், மைனஸ் கிடையாது, இரண்டு வயரை எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒன்றுதான். படத்தைப் பார்த்து அதே இடத்தில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். முறுக்கி டேப் சுற்றுவது இந்த ஊர் வெயிலுக்கு ஆகாது. எங்கள் ஃபேனில் பழைய டேப்பின் பசை உருகி வழிந்து, தொட்டால் கறுப்புக் கம்பி மாதிரி நீண்டது; டேப் கழன்று செம்பு வெளியே தெரிந்தது. சின்ன ஸ்க்ரூ கனெக்டர் போட்டு இறுக்குங்கள், அல்லது ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் என்ற காப்புக் குழாயை ஏற்றுங்கள்.

படம் எடுக்க மறந்து, மோட்டாரிலிருந்து வரும் மூன்று வயரும் கலந்துபோனால் பயப்பட வேண்டாம். மீட்டரைக் கம்பியின் தடையை அளக்கும் ஓம்ஸில் வைத்து இரண்டிரண்டாக அளங்கள். எங்கள் ஃபேனில் 158, 194, 352 வந்தது. முதல் இரண்டின் கூட்டல்தான் மூன்றாவது என்று கவனித்திருப்பீர்கள். பெரிய எண் வந்த ஜோடியில் சேராத வயர் காமன், அதாவது இரண்டு சுற்றுக்கும் பொது, அது நியூட்ரலுக்கு. மற்ற இரண்டுக்கும் குறுக்கே கண்டென்சர். அந்த இரண்டில் ஒன்றுக்கு லைன், அதுதான் ரன்னிங். ஃபேன் தலைகீழாகச் சுற்றிக் காற்று மேலே போனால் லைனை மற்றதற்கு மாற்றுங்கள். எந்த ஜோடியிலாவது மீட்டர் எண்ணே காட்டவில்லை என்றால் சுற்று அறுந்திருக்கிறது. வெறும் கண்டென்சரோடு முடியாது, அப்போது வைண்டிங் கடைக்குப் போகத்தான் வேண்டும்.

ரிமோட்டோடு வரும் பி.எல்.டி.சி. என்ற புதுவகை ஃபேன் வைத்திருப்பவர்களுக்கு, கண்டென்சர் பற்றி நான் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அதில் இந்தக் கண்டென்சர் இல்லை, ஒரு சர்க்யூட் பலகைதான் எல்லாவற்றையும் ஓட்டுகிறது.

கப்பை இறக்குவதற்கு முன் அதன் உள்பக்கம் மார்க்கரால் ‘2.5, மே’ என்று வருஷத்தோடு எழுதினேன். காட்டர் பின் எட்டணா சமாச்சாரம், அதையும் மாட்டியாயிற்று. எம்.சி.பி.யை ஏற்றியதும் ஃபேன் கிளப்பிய முதல் காற்றில், றெக்கை மேலிருந்த ஒரு வருஷத் தூசி மொத்தமும் ஏணியைப் பிடித்திருந்த அக்காவின் தலையில் விழுந்தது. ஏறினவுடனே பழைய தலையணை உறையை ஒவ்வொரு றெக்கையிலும் மாட்டி, தூசியை உறைக்குள்ளேயே வழித்து எடுத்திருக்க வேண்டும்.