மூணு சீட்டை அணி ஆட்டமாக்கினால் எங்கே சொதப்பும்?

நாலு பேரை ரெண்டு ஜோடியாகப் பிரித்தால் போதும், மூணு சீட்டு (ஆளுக்கு மூன்று சீட்டு, பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் பெரிய கை ஜெயிக்கும் ஆட்டம்) அணி ஆட்டமாகிவிடும் என்று நினைத்துத்தான் ஒரு விடுமுறையில், பணத்துக்குப் பதில் புளியங்கொட்டைகளோடு உட்கார்ந்தோம். அரைமணி நேரத்தில் ஆட்டம் படுத்துவிட்டது.

ஜோடியின் ஆறு சீட்டையும் சேர்த்து, சிறந்த மூன்றை எடுக்கலாம் என்று விட்டது முதல் தப்பு. 52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 வழிகள். அதில் 16,440, அதாவது 74 சதவீதம், ஒரே மதிப்பில் ரெண்டு சீட்டுகூடச் சேராத வெறும் கை. இந்த ஆட்டத்தின் மிரட்டலும் நடிப்பும் அந்த வெறும் கைகளை நம்பித்தான் இருக்கின்றன. ஆறிலிருந்து பொறுக்க விட்டால் அது சுமார் 5 சதவீதமாகச் சுருங்கிவிடும். எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருக்கும்போது யார் யாரை மிரட்டுவது? கைகள் தனித்தனியாகவே இருக்கட்டும்.

இதைவிட மோசம், ஜோடிக்கு ஒரே பொதுப் பை. கூட்டாளி கட்டியதும் நம் பணம்தான். ஜெயித்தால் திரும்பி வந்துவிடும். என்னிடம் மூன்று ராஜா, எதிரே கூட்டாளியிடம் குப்பை என்று வையுங்கள். அவர் ஏற்றுவார், நான் ஏற்றுவேன், நடுவில் மாட்டியவர் நசுங்குவார். சாதாரண மேசையில் இதற்குப் பெயர் கூட்டுக் களவாணித்தனம். நாங்கள் அதையே விதியாக்கி வைத்திருந்தோம்! பல விதமாக மாற்றிப் பார்த்து, கடைசியில் நின்றது இதுதான்: மூன்று சுற்று முடிந்ததும் அணிக்கு ஒருவர் சீட்டைக் காட்டாமல் பேக் ஆக, அதாவது கையைப் போட்டுவிட்டு ஒதுங்க, வேண்டும். முறை முதலில் வருபவர், தன் கையை மட்டும் பார்த்து, இருப்பதா ஒதுங்குவதா என்று முடிவெடுப்பார். மற்றவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும். நல்ல கையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கூட்டாளியின் ஒன்றுமில்லாத கையோடு மாட்டிக்கொள்வதும் நடக்கும். ஆட்டத்தில் சுவாரசியம் வந்ததே அப்போதுதான்.

சைட் ஷோவை மறந்தே போயிருந்தோம். சீட்டைப் பார்த்து ஆடுபவர் (பார்க்காமலும் ஆடலாம்), தனக்கு முன்னால் கட்டியவரும் பார்த்தவராக இருந்தால், இருவர் சீட்டையும் ரகசியமாக ஒப்பிடக் கேட்கலாம். கூட்டாளிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் இது இலவச எட்டிப்பார்ப்பு. எதிரெதிரே உட்கார வைத்தாலும், நடுவில் இருப்பவர் பேக் ஆனதும் அதே கதைதான். ஒரே அணிக்குள் சைட் ஷோ கிடையாது என்று எழுதிவிடுங்கள்.

சாடை காட்டுவதை முழுக்கத் தடுக்கலாம் என்று நினைப்பதும் வீண். பெர்முடாவில் 1975இல் நடந்த உலக பிரிட்ஜ் (இதுவும் ஜோடியாக ஆடும் சீட்டாட்டம்) போட்டியில், கூட்டாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள். மேசைக்கடியில் காலால் தொடுவதாக ஓர் இத்தாலிய ஜோடி மீது புகார் வர, அப்புறம் கீழேயும் அடைக்க வேண்டியதாயிற்று. அதே பிரிட்ஜில் நல்ல வழி ஒன்றும் இருக்கிறது: ஏலக் குறிகளுக்கு என்ன அர்த்தம் என்று எதிரணி கேட்டால் சொல்லியாக வேண்டும். நாங்கள் அதைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டோம். ஒவ்வொரு ஆட்டத்திலும் கூட்டாளியிடம் ஒரே ஒரு கேள்வி, எல்லோர் காதிலும் விழும்படி. பதிலில் பொய் சொல்லலாம்.

சின்னதாக இன்னொன்று. ஒரே அணி மட்டும் மிஞ்சினால் ஆட்டம் அங்கேயே முடிந்தது என்று எழுத மறக்காதீர்கள். எங்கள் அண்ணனும் அண்ணியும் ஒருவரை ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார்கள். ரெண்டும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்த கொட்டைகள்.