நடுகல்லில் வீரன் கண்ணுக்குத் தெரிய

தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் உள்ள நடுகற்களில் (சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட நினைவுக் கற்கள்), பார்வை மங்கியவருக்கு முதல் தடை நிறம்தான். கல்லும் சாம்பல், வீரனும் சாம்பல். நேரெதிரே ட்யூப்லைட் போட்டால் நிழல் விழாது. வில் எது, கை எது என்று நல்ல கண்ணுக்கே பிடிபடாது.

எல்.இ.டி. ஸ்பாட் விளக்கைக் கல்லின் இடது மேல் பக்கம், கல்முகத்தை உரசுவது போல 15 முதல் 20 டிகிரி சாய்வில் பொருத்துங்கள். கீழிருந்து அடித்தால் புடைப்பு பள்ளமாகத் தோன்றும். விளக்குக்கு மூடி அவசியம். கண்கூச்சம் உள்ளவர் வெறும் பல்பைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். துணியும் காகிதமும் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் அவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) என்ற வரம்பு உண்டு. சாயம் பூசாத கருங்கல்லுக்கு அந்தக் கவலை இல்லை, தாராளமாக வெளிச்சம் தரலாம்.

கல்லில் வெட்டிய எழுத்துக்கு மைப்படிதான் (தாளில் மையால் எடுக்கும் படி) கைகொடுக்கும். ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தட்டினால், தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். முக்கால்வாசி காய்ந்ததும் மைப்பந்தால் (மை தோய்த்த துணிப்பந்து) ஒற்றவேண்டும். கல்முகம் கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். ஈரம் அதிகமிருந்தால் மை கசிந்து எழுத்தை மூடிவிடும். முழுக்கக் காய்ந்தால் தாள் கல்லை விட்டுத் தூக்கிக்கொள்ளும். புதிதாகப் படியெடுக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். ஏற்கெனவே எடுத்த படி கிடைத்தால் அதன் படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி அச்சிட்டுக் கல்லின் பக்கத்தில் வையுங்கள். லேமினேட் செய்யவேண்டாம். பளபளப்பில் விளக்குதான் தெரியும், வட்டெழுத்து (நடுகற்களில் உள்ள பழைய தமிழ் எழுத்து முறை) தெரியாது.

விளக்கப் பலகைக்குக் கறுப்பில் வெளிர்மஞ்சள் எழுத்து, எழுத்தளவு 30 பாயின்ட்டுக்குக் குறையாமல், தரையிலிருந்து 120–140 செ.மீ. உயரத்தில். மெல்லிய எழுத்துரு வேண்டாம்: மெய்யெழுத்தின் புள்ளி மறையும், 'ண', 'ன' குழம்பும்.

தொட்டுப் பார்க்க பிளாஸ்டர் நகல் செய்தால், வீரனுக்கு வெளிர் நிறம், பின்புலத்துக்குக் கரி நிறம், இரண்டும் மேட் பெயின்ட். மேசை உயரம் 75 செ.மீ.

ஒலி விளக்கத்தில் முதலில் கல்லின் உயரம், அகலம், பிறகு வீரன், கடைசியில் எழுத்து. 'இடது கையில் வில்' என்றால் வீரனின் இடதா, பார்ப்பவரின் இடதா? பலர் தடுமாறுவது இங்கேதான். தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, கடைசிவரை மாற்றாதீர்கள்.