வத்தல்மலை ஏறாத ஸ்கூட்டருக்கு என்ன செய்யலாம்?

தர்மபுரியில் பென்னாகரம் ரோட்டில் என் பட்டறை. வாரத்துக்கு ஒருத்தராவது வந்து, "அண்ணா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது, பெரிய பிஸ்டன் போட்டுரலாமா?" என்று கேட்பார். போன மாதம் வந்தவர் வத்தல்மலைக்காரர். வண்டி பழைய 110 ஆக்டிவா, கார்புரேட்டர் மாடல். இறங்கும்போது மிளகு மூட்டை. ஏறும்போது மளிகைச் சாமானும் மனைவியும். கொண்டை ஊசி வளைவு வந்தால் அந்த அம்மா இறங்கி நடக்க வேண்டியிருக்கிறதாம். "அவ திட்டறத தாங்க முடியலண்ணா" என்றார்.

பெரிய பிஸ்டன் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அந்த இன்ஜினின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மில்லிமீட்டர். அதைவிட 0.50 மில்லிமீட்டர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் 109 சிசி, 111 சிசி ஆகும். நூற்றுக்கு இரண்டு, அவ்வளவுதான். ஓவர்சைஸ் என்று ஒன்று இருப்பதே தேய்ந்த சிலிண்டரைச் சரிசெய்யத்தான். அதற்கு மேல் குடைந்தால் சுவர் மெலியும், சூடு ஏறும், ஆர்.சி.யில் உள்ள சிசியோடும் ஒத்துப்போகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இதற்கு இடம் கொடுப்பதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், ஜெயிலுக்கும் வழி உண்டு. நானும் இருபது வயதில் என் வண்டியின் சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டவன்தான். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி போதவில்லை. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி இன்ஜின் நின்றுவிட்டது. லாரிகளுக்கு நடுவே தர்மபுரி வரை தள்ளினேன்.

சரி, வேலைக்கு வருவோம். வண்டியிடம் புதிதாகச் சக்தி கேட்கும் முன், இருந்த சக்தி எங்கே போனது என்று பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உரசிக்கொண்டு நின்றால் பிரேக் பிடித்திருக்கிறது; பாதிப் பேருடைய இழுவைக் குறை இங்கேயே தீரும். அப்புறம் ஏர் ஃபில்டர். நம்ம ஊர் செம்மண் புழுதியில் சீக்கிரம் அடைத்துவிடும். ஆக்டிவாவில் இருப்பது எண்ணெய் ஊறிய காகிதம். காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், புதிதாக மாற்றுங்கள். டேப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், குறைவாக இருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்து பலனில்லை, முதலில் ரிங்கையும் வால்வையும் கவனியுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்ன ஓட்டையான ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தக்கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும். 2020-க்குப் பிந்தைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு இந்தக் கார்புரேட்டர் வேலையே கிடையாது.

இனிமேல்தான் நிஜமான விஷயம், இடதுபக்க மூடிக்குள் இருக்கிறது. இந்த இன்ஜின் தன் எட்டுக் குதிரைச் சக்தியை முழுசாகக் கொடுப்பது 7500 சுற்றில். பெல்ட் ஓடும் முன்பக்கப் புல்லியான வேரியேட்டருக்குள் இருக்கும் ஆறு ரோலர்களும் வேகம் கூடக்கூட வெளிப்பக்கம் நகர்ந்து, பெல்ட்டை மேலே தள்ளி, கியரை மாற்றுகின்றன. ரோலர் கனமாக இருந்தால் சீக்கிரம் தள்ளிவிடும். ஏற்றத்தில் இன்ஜின் சுற்று விழுந்து முனகும். இலேசாக இருந்தால் சுற்று ஏறின பிறகே தள்ளும். மலைக்கு அதுதான் வேண்டும்.

மூடி போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமில்லை. அட்டையில் மூடியின் படம் வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றாகக் குத்தி வையுங்கள். வேரியேட்டர் நட்டைக் கழற்ற விசிறி இதழுக்குள் ஸ்க்ரூ டிரைவர் கொடுக்காதீர்கள், அலுமினியம் உடைந்துவிடும். பிடிக்கிற கருவி வாங்குங்கள், அல்லது இம்பாக்ட் கன் உள்ள இடத்தில் தளர்த்துங்கள். ரோலர்களைத் தரையில் உருட்டினால் தெரியும், தேய்ந்தவை தட்டையான பக்கத்தில் நின்றுவிடும். மலைக்காரர் வண்டியில் ஆறில் நான்கு அப்படித்தான் நின்றன. தேய்ந்ததை நிறுத்தால் கணக்கு தப்பும்; ஒரு புது ஒரிஜினல் ரோலரை நிறுத்துப் பாருங்கள். நான் பக்கத்து அடகுக்கடைத் தராசில்தான் நிறுப்பது. "இது எத்தன பவுனு?" என்று கடைக்காரர் தினமும் ஒரே ஜோக்கை அடிப்பார். அந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்து வாங்கினால் போதும். சரியான எடை கிடைக்காவிட்டால் ஒரு கனம், ஒரு இலேசு என்று மாற்றி மாற்றி மும்மூன்று போடலாம். அதற்கு மேல் குறைத்தால் சமதளத்தில் இன்ஜின் கத்துமே தவிர வண்டி ஓடாது.

திரும்பப் பூட்டும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பின்புல்லியைக் கையால் விரித்து பெல்ட்டை அதன் பள்ளத்துக்குள் ஆழ இறக்குங்கள். அப்போதுதான் முன்பக்கம் பெல்ட் தொளதொளவென்று இருக்கும். இறக்காமல் நட்டை முறுக்கினால், வேரியேட்டரின் வெளித்தகடு சரியாக உட்காராமல் பெல்ட்டை நெரித்துக்கொண்டு நிற்கும். முறுக்கு சரியாக இருப்பதுபோலத்தான் தோன்றும். ஓடியதும் பெல்ட் நகர, நட்டு தளர்ந்து, ஷாஃப்ட்டின் பல் போய்விடும். பெல்ட் படும் முகத்தில் ஒரு துளி கிரீஸ்கூட இருக்கக்கூடாது. கிளட்ச் ஷூ பளபளவென்று இருந்தால் எமரித் தாளால் லேசாகத் தேயுங்கள். தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

மறுவாரம் மலைக்காரர் வந்தார். அந்த அம்மா உச்சி வரை உட்கார்ந்தே போனாராம். ஆனால் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது என்று அதற்கும் திட்டு. தேயாமல் மிச்சமிருந்த அந்த இரண்டு பழைய ரோலர்களையும் டப்பாவில் போட்டு அவரிடமே கொடுத்தேன். அந்த அம்மாவிடம் காட்டவா என்று கேட்டார்.